ஒழித்தலும் அழித்தலும்: வன்தட்டில் இடம் கண்ட வரலாறு

தமிழில் 'ஒழித்தல்' என்னும் சொல் இருபொருள் உடையது. "குடிவருவோருக்காக அறையை ஒழித்துக் கொடுத்தான்" என்றால், உள்ளிருந்த பொருள்களை வேறிடத்துக்கு மாற்றி இடம் உண்டாக்கினான் என்று கொள்கிறோம். "பகையை ஒழித்தான்" என்றால், இல்லாமற் செய்தான் என்று கொள்கிறோம். முன்னதில் பொருள்கள் இருந்தபடியே இருக்கின்றன. இடம் மட்டும் பெறப்படுகிறது. பின்னதில் பொருளே இல்லையாகிறது. இடம் வேண்டும் என்ற அவசரம் வந்துவிட்டால், முன்னது எங்கே முடிகிறது, பின்னது எங்கே தொடங்குகிறது என்பது மாந்தர்க்கு எளிதில் புலப்படுவதில்லை.

இன்று தமிழாசிரியர் பலரிடம் மடிக்கணினி உண்டு. பாடக்குறிப்பு, தேர்வுத்தாள், மாணவர் கட்டுரை, பள்ளி விழாக்களின் ஒளிப்படம், இலக்கியச் சொற்பொழிவின் ஒலிப்பதிவு ஆகிய யாவும் அதனுள் அடங்கியிருக்கின்றன. ஒரு நாள் அக்கருவி, "இனி இடமில்லை" என்று அறிவிக்கிறது. மறுநாள் பாடத்துக்கு வேண்டிய கோப்பைச் சேமிக்கவும் இயலவில்லை. அந்நேரத்தில் கை முதலில் எதன்மீது செல்கிறது? பழையதாய், பெயர் விளங்காததாய், பல நாள் திறக்கப்படாததாய் உள்ள கோப்பின்மீதே செல்கிறது. அது தக்க செயலா என்பதை ஆராயவே இக்கட்டுரை எழுந்தது. இடப் பஞ்சம் கணினியோடு உடன்பிறந்தது. அதைத் தீர்க்க அறிஞர் கண்ட வழிகளும், அவ்வழிகளால் விளைந்த ஆக்கமும் கேடும் வரலாற்றில் பதிந்து கிடக்கின்றன. அவற்றை முறையே காண்போம்.

முதல் தட்டு

1956ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் அமெரிக்க நாட்டு ஐ.பி.எம். நிறுவனம் '305 ரமாக்' என்னும் கணிப்பொறியை உலகுக்கு அறிவித்தது. அதன் உறுப்பாகிய '350' என்னும் தட்டகமே வணிகத்துக்கு வந்த முதல் வன்தட்டு ஆகும். கலிபோர்னியா மாநிலத்துச் சான் ஹோசே நகரில், ரெனால்ட் ஜான்சன் என்பாரின் தலைமையில் இயங்கிய ஆய்வுக்கூடம் அதனைப் படைத்தது. இரண்டடி விட்டமுள்ள 50 தட்டுகள் ஒரே அச்சில் அடுக்கப்பட்டு, நிமிடத்துக்கு 1,200 முறை சுழன்றன. எடை ஒரு டன்னுக்கு மேல். கணிப்பொறியின் மாத வாடகை 3,200 டாலர்.

அதற்குமுன் செய்தியைச் சேமிக்கத் துளையட்டைகளும் காந்த நாடாவும் பயன்பட்டன. நாடாவின் நடுவிலுள்ள ஒரு செய்தி வேண்டுமாயின், அதுவரை நாடாவைச் சுற்றியே தீரவேண்டும். சுவடிக் கட்டின் நடுவிலிருக்கும் ஏட்டைக் காண முன்னுள்ள ஏடுகளை எல்லாம் தள்ளுவது போன்றது அது. தட்டிலோ, எந்த இடத்துச் செய்தியையும் ஒரு நொடிக்குள் எட்டலாம். இதுவே அதன் பெருஞ்சிறப்பு.

இத்துணைப் பெரிய தட்டகம் கொண்ட எழுத்து எவ்வளவு? 50 இலட்சம். இன்றைய அளவையில் சொன்னால் நான்கு மெகாபைட்டுக்கும் சற்றுக் குறைவு. கைப்பேசியில் எடுக்கும் ஓர் ஒளிப்படமே இன்று அந்த அளவைப் பிடித்துவிடக்கூடும்.

பின்னர் வளர்ச்சி விரைந்து வந்தது. 1980இல் சீகேட் நிறுவனம் மேசைக் கணினிக்குள் அடங்கும் ஐந்து மெகாபைட் தட்டைச் செய்தது. 1983இல் வந்த ஐ.பி.எம். எக்ஸ்.டி. கணினியில் பத்து மெகாபைட் தட்டு இருந்தது. 2007இல் ஹிட்டாச்சி நிறுவனத்தின் தட்டு ஒரு டெராபைட்டை, அதாவது பத்து இலட்சம் மெகாபைட்டை, எட்டியது. ஐம்பத்தோராண்டில் ஒரு தட்டகத்தின் கொள்ளளவு இரண்டரை இலட்சம் மடங்குக்கு மேல் பெருகிற்று. எனினும் தட்டு நிறைந்துபோகும் தொல்லை ஒருபோதும் தீரவில்லை. இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவது மாந்தர் இயல்பு. எழுத்துக்கு இடம் கிடைத்ததும் படம் வந்தது; படத்துக்கு இடம் கிடைத்ததும் ஒலி வந்தது; பின் காணொளி வந்தது.

மற்றொரு திருப்பமும் உண்டு. சுழலும் தட்டு இல்லாமல் மின்னணுச் சில்லுகளிலேயே செய்தியைச் சேமிக்கும் முறை மடிக்கணினிக்கு வந்தது. அது விரைவானது, கீழே விழுந்தாலும் எளிதில் பழுதுறாதது, ஆனால் விலை மிக்கது. 2008 ஜனவரியில் வெளியான ஆப்பிள் மேக்புக் ஏர் மடிக்கணினியில், சில்லுச் சேமகம் வேண்டுவோருக்கு 64 கிகாபைட்டே கிடைத்தது. மேசைக் கணினிக்கு ஒரு டெராபைட் தட்டு சந்தைக்கு வந்தபின் நிகழ்ந்தது இது. ஆகவே வேகத்தைப் பெற்ற மடிக்கணினி இடத்தை இழந்தது. இன்று பல மடிக்கணினிகளுள் 'தட்டு' என்ற ஒன்றே இல்லை. பெயர் மட்டும் பழக்கத்தால் நிலைத்துவிட்டது. இக்கட்டுரையிலும் அப்பெயரையே ஆள்கிறோம்.

ஈரெழுத்துச் சிக்கனம்

இடம் அரிதாயிருந்த காலத்தில் ஒவ்வோர் எழுத்தையும் மிச்சம் பிடித்தனர். 1928இல் ஐ.பி.எம். வகுத்த துளையட்டையில் இருந்தவை 80 பத்திகள். ஒருவர் பெயர், எண், தொகை, நாள் ஆகிய அனைத்தும் அந்த எண்பதுக்குள் அடங்க வேண்டும். எனவே ஆண்டைக் குறிக்கும்போது முதலிரண்டு இலக்கத்தை விட்டு, 1965 என்பதை 65 என்று மட்டும் எழுதினர். பின்னர் தட்டு வந்த காலத்தும் இவ்வழக்கம் தொடர்ந்தது.

அன்றைய நிலையில் அது அறிவுடைய செயலே. ஆயினும் 2000ஆம் ஆண்டு நெருங்கியபோது, 00 என்பது 1900ஆ, 2000ஆ என்று பொறி அறியாது என்னும் அச்சம் உலகெங்கும் எழுந்தது. வங்கிகளும் அரசுகளும் பெரும்பொருள் செலவிட்டுப் பழைய நிரல்களைத் திருத்தின. அதனாலேயே பெருங்கேடு நேராமல் அவ்வாண்டு பிறந்தது. இடத்தை மிச்சம் பிடிக்க விட்ட இரண்டு இலக்கம், முப்பது நாற்பது ஆண்டு கழித்து வட்டியோடு கணக்குக் கேட்டது.

சுருக்கும் கலை

எதையும் விடாமலே இடம் பெற வழியுண்டா என்ற வினாவுக்கு 1952இல் ஒரு சிறந்த விடை வெளிவந்தது. அமெரிக்காவிலுள்ள எம்.ஐ.டி. கல்வி நிலையத்தில் ராபர்ட் ஃபானோ என்னும் பேராசிரியர், தம் மாணவர்க்கு இறுதித் தேர்வுக்கு மாற்றாக ஒரு கட்டுரை எழுதலாம் என்றார். டேவிட் ஹஃப்மன் என்னும் மாணவர் கட்டுரையைத் தேர்ந்தார். செய்தியை மிகக் குறைந்த குறியீட்டால் எழுதும் வழி யாது என்பதே பொருள். அதற்கு ஹஃப்மன் கண்ட விடை, ஆசிரியரே கண்ட முறையினும் சிறந்ததாய் அமைந்தது.

அவ்விடையின் கருத்து எளிது. அடிக்கடி வரும் எழுத்துக்குக் குறுகிய குறியீடு; அருகி வரும் எழுத்துக்கு நீண்ட குறியீடு. தமிழ்க் கட்டுரை ஒன்றை எடுத்துக்கொண்டால், ககரமும் தகரமும் மகரமும் பக்கந்தோறும் நிறைந்திருக்கும். ஙகர உயிர்மெய்யோ அரிதாகவே வரும். எல்லாவற்றுக்கும் ஒரே நீளக் குறியீடு கொடுப்பது வீண்செலவு அன்றோ?

1977இலும் 1978இலும் இஸ்ரேல் நாட்டு அறிஞர் யாக்கோப் சிவ், ஆபிரகாம் லெம்பெல் ஆகிய இருவரும் வேறொரு வழி காட்டினர். முன்பு வந்த தொடர் மீண்டும் வந்தால் அதனை மறுபடி எழுதாமல், "இத்தனை எழுத்துக்கு முன் வந்த அத்தொடரே" என்று சுட்டிவிடுவது அவ்வழி. நம் பத்திரம் எழுதுவோர் ஒரு நிலத்தின் நான்கெல்லையையும் ஒருமுறை விரித்து எழுதிவிட்டு, பின்னர் 'மேற்படி நிலம்' என்று முடிப்பார்கள். அதே முறைதான். இவ்விரு வழிகளும் இணைந்தே இன்று நாம் 'ஜிப்' என்று வழங்கும் சுருக்குக் கோப்பு அமைந்தது.

சுருக்கும் மென்பொருள் பொன் விளையும் நிலமாயிற்று. ஸ்டாக் என்னும் சிறு நிறுவனம் 1990இல் 'ஸ்டாக்கர்' என்ற மென்பொருளை விற்றது. தட்டிலுள்ள அனைத்தையும் தானே சுருக்கி, ஏறத்தாழ இரு மடங்கு இடம் தருவதாக அது கூறிற்று. 1993இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தன் டாஸ் 6.0 இயங்குதளத்திலேயே இத்தகைய வசதியைச் சேர்த்தது. தன் காப்புரிமை மீறப்பட்டது என்று ஸ்டாக் நிறுவனம் வழக்காடியது. 1994 பிப்ரவரியில் நடுவர் குழு ஸ்டாக்குக்கு 12 கோடி டாலர் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. வன்தட்டில் சிறிது இடம் பெறுவது அக்காலத்தில் எத்துணை அருமையாய் இருந்தது என்பதற்கு இவ்வழக்கே சான்று.

சுருக்குதலிலும் இருவகை உண்டு. ஜிப் முறையில் விரித்த உடனே மூலம் ஓர் எழுத்தும் குறையாமல் மீளும். ஒளிப்படத்துக்கு 1992இல் வகுக்கப்பட்ட ஜேபெக் முறையோ, கண்ணுக்குப் புலப்படாத நுட்பங்களை விட்டுவிட்டுச் சுருக்குகிறது. விட்டது மீளாது. இங்கே ஒரு பயன்பாட்டுக் குறிப்பும் பெறப்படும். ஒளிப்படமும் காணொளியும் முன்னரே சுருக்கப்பட்டவை. அவற்றை மீண்டும் ஜிப் கோப்பாக்கினால் கிடைக்கும் இடம் மிகச் சிறிது. பிழிந்த கரும்பை மீண்டும் ஆலையில் இடுவதால் சாறு வராது.

நீக்கியது போயிற்றா?

இனி நீக்குதலுக்கு வருவோம். ஒரு கோப்பை நீக்கும்போது தட்டில் நிகழ்வது என்ன?

1974இல் கேரி கில்டால் படைத்த சி.பி.எம். என்னும் இயங்குதளத்திலும், பின்வந்த டாஸ் தளத்திலும், கோப்பு நீக்கப்பட்டால் அதன் உள்ளடக்கம் அழிக்கப்படுவதில்லை. தட்டின் பெயர்ப்பட்டியலில் அக்கோப்புக்குரிய பதிவில் 'இது நீங்கியது' என ஒரு குறி மட்டும் இடப்படும். நூலின் உள்ளே பக்கங்கள் இருந்தபடியே இருக்க, பொருளடக்கத்தில் மட்டும் ஒரு தலைப்பை அடித்துவிடுவதற்கு இது நிகர். அப்பக்கங்களின்மீது வேறொன்று எழுதப்படும் வரை பழைய எழுத்து அங்கேயே கிடக்கும்.

இந்த உண்மையைப் பயன்கொண்டு 1982இல் பீட்டர் நார்ட்டன் என்பார், தவறி நீக்கிய கோப்பை மீட்கும் மென்பொருளை வெளியிட்டார். தவறுவது மாந்தர் இயல்பு என்பதைக் கருதி, 1983இல் வந்த ஆப்பிள் லிசா கணினியின் திரையிலேயே ஒரு குப்பைத்தொட்டி வைக்கப்பட்டது. 1995இல் வந்த விண்டோஸ் 95இலும் அத்தகைய தொட்டி அமைந்தது. தொட்டியில் இட்ட கோப்பு வேண்டுமானால் திரும்ப எடுக்கலாம். தொட்டியைக் காலி செய்தால்தான் இடம் திரும்பும். கோப்புகளை நீக்கியும் இடம் பெருகவில்லை என்று வருந்துவோர் பலர், தொட்டியைக் காலி செய்ய மறந்தவரே ஆவர்.

ஆயினும் பழைய நம்பிக்கையோடு இன்று கோப்பை நீக்குதல் ஆகாது. சில்லுச் சேமகத்தில் பழைய எழுத்தின்மேல் நேரே எழுத இயலாது. முதலில் அவ்விடத்தைத் துடைத்தாக வேண்டும். ஆகவே எவ்விடம் வேண்டாதது என்பதை இயங்குதளம் சேமகத்துக்கு முன்கூட்டி அறிவிக்கும் முறை வகுக்கப்பட்டது. 2009இல் வந்த விண்டோஸ் 7 அதனைக் கைக்கொண்டது. அவ்வறிவிப்பைப் பெற்ற சேமகம் ஓய்வு நேரத்தில் அவ்விடத்தைத் தானே துடைத்துவிடும். முன்பு பொருளடக்கத்தில் அடிக்கப்பட்டது. இன்று பக்கமே வெளுக்கப்படுகிறது. நார்ட்டன் காலத்து மீட்பு இன்றைய மடிக்கணினியில் பெரும்பாலும் கைகூடாது. ஒழித்தலுக்கும் அழித்தலுக்கும் இடையே முன்னர் இருந்த இடைவெளி சுருங்கிவிட்டது.

தமிழ் எழுத்து பிடிக்கும் இடம்

நம் எழுத்து தட்டில் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று இனிக் கணக்கிடுவோம். 1991இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடம் தரப்பட்டது. ஒருங்குறி எழுத்தைக் கோப்பில் எழுதி வைக்க, 1992இல் கென் தாம்சனும் ராப் பைக்கும் வகுத்த யு.டி.எப்.-8 என்னும் முறை இன்று பெருவழக்காய் உள்ளது. அம்முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் வேண்டும். 'க' என்பது ஒரு குறி. 'கொ', 'க்' போன்றவை இரு குறி. எனவே 'கொ' என்னும் ஓரெழுத்து ஆறு பைட் பிடிக்கிறது.

இதனைக் கேட்டுத் தமிழுக்கு அநீதி என்று வருந்துவோர் உண்டு. அவ்வருத்தம் எவ்வளவு தேவை என்பதைத் திருக்குறளைக் கொண்டே அளப்போம். 1,330 குறளிலும் ஏறத்தாழ 42,000 எழுத்து எனக் கணக்கிடுவர். ஒவ்வோர் எழுத்தும் இரு குறி கொண்டது என்று மிகைப்படவே வைத்துக்கொண்டாலும், 42,000 எழுத்துக்கு 84,000 குறி, 2,52,000 பைட். அஃதாவது கால் மெகாபைட் அளவே. உண்மையில் 'க', 'அ' போன்றவை ஒரே குறியாதலின் இதனினும் குறையும். மேலும், தமிழ்க் குறியின் மூன்று பைட்டில் முதலாவது எப்போதும் ஒன்றே. இரண்டாவது இரண்டே வகை. மூன்றாவது மட்டுமே வேறுபடும். திரும்பத் திரும்ப வருவதைச் சுருக்குவதே ஹஃப்மன், சிவ், லெம்பெல் ஆகியோரின் கலை. ஆகலின் தமிழ்க் கோப்பு நன்கு சுருங்கும்.

256 கிகாபைட் கொண்ட மடிக்கணினியில் திருக்குறள் முழுவதையும் பத்து இலட்சம் படிகள் வைக்கலாம். நான்கு மெகாபைட் ஒளிப்படம் ஒன்றை நீக்கினால் பதினாறு திருக்குறளுக்கு இடம் கிடைக்கும். இதிலிருந்து பெறப்படும் முடிவு யாது? எழுத்துக் கோப்புகளை நீக்குவதால் இடம் பெருகாது. இருபது ஆண்டுப் பாடக்குறிப்பு அனைத்தையும் துடைத்தாலும், ஒரு விழாக் காணொளி பிடித்த இடம் வாராது. வன்தட்டில் மிகக் குறைந்த இடம் கொள்வது எழுத்து. போனால் மீண்டும் ஆக்குதற்கு மிக அரியதும் அதுவே.

அவசரத்தில் அழிந்தவை

இடம் வேண்டி அழித்தவர் கதைகள் உலகில் பல. பிரிட்டிஷ் ஒலிபரப்புக் கழகமாகிய பி.பி.சி., 1960களின் பிற்பகுதியிலிருந்து 1978 வரை, பழைய தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் பதிந்த நாடாக்களைத் துடைத்துப் புதிய நிகழ்ச்சிகளுக்குப் பயன்படுத்தியது. நாடா விலை மிக்கது. பழைய கறுப்பு வெள்ளை நிகழ்ச்சியை இனி யார் காண்பார் என்பது அவர்கள் கணிப்பு. அவ்வாறு போனவற்றுள் 'டாக்டர் ஹூ' என்னும் புகழ்பெற்ற தொடரின் பகுதிகளும் உண்டு. அவற்றுள் சில, வெளிநாடுகளுக்கு விற்ற படிகளிலிருந்து பின்னர் மீண்டன. நான்கு பகுதி கொண்ட ஒரு கதை ஹாங்காங்கிலிருந்து கிடைத்தது. தொலைவில் ஒரு படி இருந்தமையால் அது பிழைத்தது.

1969 ஜூலையில் மாந்தர் முதன்முதலாக நிலவில் கால் வைத்தபோது, அங்கிருந்து வந்த காட்சிச் சைகைகள் மூலத் தரத்தில் காந்த நாடாக்களில் பதியப்பெற்றன. பல ஆண்டு தேடிய பின், அவை நாடாத் தட்டுப்பாட்டின்போது துடைக்கப்பட்டு மீளப் பயன்பட்டிருக்க வேண்டும் என்று அமெரிக்க விண்வெளி நிறுவனமாகிய நாசா 2009இல் அறிவித்தது. தொலைக்காட்சிக்கென மாற்றிய படிகள் எஞ்சின. அவற்றினும் தெளிவான மூலம் போயிற்று. துடைத்தவர் பகைவர் அல்லர். தம் அன்றாடக் கடமையைச் செய்தவர். நாடாவின் மேலிருந்த எண்ணைக் கண்டனர், உள்ளிருந்ததை அறிந்திலர்.

தமிழர்க்கும் இத்தகைய இழப்பு புதிதன்று. ஓலைச்சுவடிகள் செல்லரித்து இடத்தை அடைத்துக் கிடந்தபோது, ஆடிப்பெருக்கில் அவற்றை ஆற்றில் விடும் வழக்கம் இருந்தது. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் இருந்த ஏட்டுச் சுவடிகள் வேள்வித் தீயில் இடப்பட்டதை அறிந்து நெஞ்சம் நொந்ததை டாக்டர் உ. வே. சாமிநாதையர் தம் வாழ்க்கை வரலாற்றில் குறிப்பிடுகிறார். அவ்வாறு செய்தவரும் தமிழ்ப்பகைவர் அல்லர்; பழைய ஏட்டுக்குரிய முறை அதுவே என நம்பியவர். 1887இல் சீவக சிந்தாமணியும், 1889இல் பத்துப்பாட்டும், 1892இல் சிலப்பதிகாரமும் ஐயரவர்கள் கையால் அச்சேறின. அவற்றுக்கு ஏடு எஞ்சியிருந்தது. எஞ்சாதவற்றின் பெயரை மட்டுமே உரையாசிரியர் வாயிலாக நாம் அறிகிறோம்.

குப்பை போலத் தோன்றும் கோப்பு

இந்த இழப்பு நம் காலத்து மடிக்கணினிக்குள்ளும் நிகழக்கூடும். அதனைச் சற்று விரித்துரைப்போம்.

ஒருங்குறி பரவுவதற்கு முன்னரே நம் வட்டாரத்தார் கணினியில் தமிழ் எழுதத் தொடங்கினர். மலேசியரான முத்து நெடுமாறன் அவர்கள் 1985இலேயே 'முரசு' மென்பொருளை உருவாக்கினார்கள். சிங்கப்பூரில் எழுத்தாளரும் ஆசிரியருமான நா. கோவிந்தசாமி அவர்கள் 'கணியன்' வழியே தமிழை இணையத்தில் ஏற்றினார்கள். 1997 மே மாதத்தில் தமிழ் இணைய மாநாடு சிங்கப்பூரில் கூடிற்று. அக்காலத்தில் எழுத்துரு பல. குறியீட்டு முறையும் பல. ஒருவர் எழுதியதை மற்றவர் கணினியில் படிக்க அதே எழுத்துரு வேண்டியிருந்தது.

அவ்வாண்டுகளில் நம் ஆசிரியர்கள் தட்டச்சு செய்த பாடங்கள், நாடகங்கள், மலர்க்கட்டுரைகள், சங்க அறிக்கைகள் பல, பழைய கோப்புறைகளில் இன்றும் உறங்குகின்றன. இன்றைய கணினியில் அவற்றைத் திறந்தால் தமிழ் தோன்றாது. உரோமன் எழுத்தும் பொருளற்ற குறிகளும் கலந்த ஒரு குழப்பமே தோன்றும். காண்பவர், "கோப்பு கெட்டுவிட்டது, குப்பை" என்று முடிவு செய்வது எளிது. உண்மை வேறு. அக்கோப்பில் ஓர் எழுத்தும் கெடவில்லை. படிக்கும் திறவுகோல் மட்டும் கைமாறிப் போயிற்று. உரிய எழுத்துருவைக் கொண்டோ, எழுத்துரு மாற்றி மென்பொருளைக் கொண்டோ அதனை ஒருங்குறித் தமிழாக மீட்கலாம். புள்ளியிடாத பழைய ஏட்டைக் கண்டு, 'கீறிய ஓலை' என ஒதுக்கியவருக்கும், இக்கோப்பைக் கண்டு நீக்குபவருக்கும் வேறுபாடு சிறிதே.

இடம் காணும் முறை

வரலாறு காட்டிய இவற்றைக் கொண்டு, நிறைந்த வன்தட்டில் இடம் காணும் முறையை வகுத்துக்கொள்ளலாம்.

முதலாவது, கோப்புகளை நாளால் வரிசைப்படுத்தாமல் அளவால் வரிசைப்படுத்திக் காண்க. பெரியவை எவை எனத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. அவை பெரும்பாலும் காணொளியும், இறக்கிவைத்த மென்பொருளும், ஒன்றே இரண்டு மூன்றாகச் சேர்ந்த படிகளுமாகவே இருக்கும்.

இரண்டாவது, எவராலும் இயற்றப்படாதவற்றை முதலில் நீக்குக. குப்பைத்தொட்டி, இயங்குதளத்தின் தற்காலிகக் கோப்புகள், புதுப்பித்தலின்போது எஞ்சிய பழைய தளம் ஆகியவை இவ்வகை. இவற்றை நீக்கும் கருவி 1998இலேயே விண்டோஸ் 98உடன் வந்தது. பின்வந்த விண்டோஸ் தளங்களிலும் இதற்கு வழியுண்டு. இயங்குதளத்துக்குரிய பிற கோப்புகளைக் கையால் நீக்கலாகாது.

மூன்றாவது, மீண்டும் பெறக்கூடியவற்றை நீக்குக. இணையத்திலிருந்து இறக்கியதை மறுபடி இறக்கலாம். அச்சிட்ட நூலின் படியை நூலகத்தில் காணலாம்.

நான்காவது, ஒளிப்படம், ஒலிப்பதிவு, காணொளி ஆகியவற்றை வெளித்தட்டுக்கு இடம் பெயர்த்துக. பெயர்த்த பின் ஒன்றிரண்டைத் திறந்து பார்த்த பிறகே மூலத்தை நீக்குக. ஒரு தட்டில் மட்டும் உள்ளது ஒரு வீட்டில் மட்டும் இருந்த சுவடிக்கு ஒப்பாகும்; ஆகவே இரண்டாம் படி வேறோரிடத்தில் இருத்தல் நன்று. இணையச் சேமகத்தை நம்புவோர் ஒன்றைக் கருத வேண்டும். கணினியோடு ஒத்திசையும்படி அமைந்த சேமகங்களில், கணினியில் நீக்கியது சேமகத்திலும் நீங்கும். படி இரண்டு என்று நாம் நினைத்திருக்க, உண்மையில் இருந்தது ஒன்றே என்பது நீக்கிய பின் தெரியவரும். அத்தகைய சேமகங்கள் பலவற்றில், கோப்பைச் சேமகத்தில் வைத்துக்கொண்டு கணினியில் மட்டும் இடம் விடுவிக்கும் தனி ஏற்பாடு உண்டு, அதனையே கைக்கொள்க.

இந்நான்கும் முடிந்தபின் இடம் போதாதென்றால், பெரிய தட்டு வாங்குவதே சிக்கனம். எழுத்துக் கோப்பின்மீது கை வைப்பதால் இடம் கிட்டாது என்பதை மேலே கணக்கிட்டுக் காட்டினோம்.

பொறி ஒரு கோப்பின் அளவைச் சொல்லும். அது எந்நாளில் எழுதப்பட்டது, எந்நாளில் திறக்கப்பட்டது என்பதைச் சொல்லும். உலகில் வேறெங்கும் அதற்குப் படி இல்லை என்பதை அது சொல்லாது. பதினைந்து ஆண்டுக்கு முன் ஒரு மாணவி எழுதிய கட்டுரையையும், மூடப்பட்ட தோட்டப் பள்ளி ஒன்றின் கடைசி ஆண்டுவிழா அறிக்கையையும், பயனற்ற நிரலின் பதிவையும் அது ஒரே வரிசையில் வைத்துக் காட்டும். அவற்றுள் தரம் பிரிக்கும் பொறுப்பு ஏடறிந்தவர்க்கே உரியது. அப்பொறுப்பை ஐயரவர்களின் தலைமுறை ஊர் ஊராக நடந்து நிறைவேற்றியது. நமக்கோ இருந்த இடத்தில் ஒரு மாலைப்பொழுது போதும். ஆசிரியப் பெருமக்கள் அடுத்த விடுமுறையில் தம் மடிக்கணினியை ஒழிக்கும்போது, பழைய கோப்புறை ஒன்றைத் திறந்து, விளங்காத கோப்பு ஒன்றை மாற்றிப் படித்துப் பார்ப்பார்களாக. இடம் வேண்டி ஒழித்தது எதுவும் அழித்ததாக முடியாதிருக்க அதுவே வழி.